லான் அக்கா உடுத்த சாக்கு

அன்பும் பிடிவாதமும் ஒரே அளவில் நிறைந்த என் லான் அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. ஏழு வருடம் என் கடைக்கு வந்தும் தலையாட்ட 'ஓம்', வாங்க 'அரிசி', என்னைத் திட்ட 'விசர்' என்ற மூன்று சொல்லுக்கு மேல் நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் விசாவும் கேட்க மாட்டார்கள், மொழியும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதோடு இதை எங்கள் ஆட்களும் படிக்க வேண்டும். வியட்நாமில் உங்கள் சனத்துக்கு ஜப்பான் ராணுவக் காலத்தில் நடந்தது எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாமல்தானே இருந்தது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக் கண்காட்சி முடிந்துவிட்டது. நீங்கள் சொன்ன மூன்று வசனத்தை அவர்கள் கடைசிவரை வைக்கவில்லை. நான் சும்மா இருக்கவும் இல்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், வழக்கம்போல் நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள்.

நாம் முதல் முதல் சந்தித்ததே சண்டையில்தான், ஞாபகம் இருக்கிறதா? எண்பத்தெட்டாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. லண்டனில் அப்பர் டூட்டிங் ரோட்டில் நாங்கள் பலசரக்குக் கடை திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைகளில்தான் கீரை வந்து இறங்கும். நீங்கள் கங்குன் கீரைக் கட்டைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் இது தினமும் சாப்பிடுகிற கீரை என்றீர்கள். உங்களுடையதும் உடைந்த இங்கிலீசு, என்னுடையதும் உடைந்த இங்கிலீசு. அதை இங்கே என் வாயில் வருகிற மாதிரியே எழுதுகிறேன்.

பத்துக் கிலோ அரிசி கேட்டீர்கள். நான் சணல் சாக்கு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் இரண்டடி பின்னால் போனீர்கள். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது.

"சாக்கு வேண்டாம். இதுக்குள்ள போடு."

"வாளியில ஊத்துறதுக்கு இது என்ன தண்ணியே? சாக்கோட கொண்டு போங்கோ."

"நீ விக்கிறது அரிசியா, சாக்கா?"

வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு உங்களை வாளியோடு வெளியே அனுப்பியிருப்பேன். என் கணவர்தான் சாக்கை வெட்டி அரிசியை வாளியில் கொட்டிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த முறையும் வாளி, அதற்கடுத்த முறையும் வாளி. ஏதோ உங்கள் சமயத்தில் உள்ள தீட்டு என்று நினைத்து நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

அந்த மாரியில் ஒரு நாள் பனி கொட்டியது. கடை வாசல் முழுக்கச் சேறு. நாங்கள் ஊரில் செய்கிற மாதிரி ஒரு வெறுஞ் சாக்கைப் பிரித்து வாசலில் போட்டிருந்தேன், வருகிறவர்கள் கால் துடைக்கட்டும் என்று. நீங்கள் வந்தீர்கள், சாக்கைப் பார்த்தீர்கள், வெளியிலேயே நின்றுவிட்டீர்கள். தலையில் பனி விழ விழ நின்றீர்கள்.

"மனோ, அதை எடு."

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, குளிரில விறைக்கப் போறியள்."

"அதை எடு. நான் அதில கால் வைக்க மாட்டன்."

எடுத்தேன். உங்கள் முகம் அப்படி இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. பின்னறையில் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "அந்தச் சாக்கு உங்களுக்கு என்ன செய்தது?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். நீங்கள் கேலியாகப் பதில் சொல்லவில்லை.

ஹனோய்க்குத் தெற்கே, சிவப்பு ஆறு கடலில் சேர்கிற இடத்தில் உங்கள் அப்பாவுக்கு மூன்று துண்டு வயல். ஜப்பான் ராணுவம் வந்து இறங்கிய பிறகு, ஒரு துண்டில் நெல்லைப் பிடுங்கிவிட்டுச் சணல் நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பயிர் பால் பிடித்திருந்த நேரம். அப்பா பிடுங்கினார். உங்கள் அம்மா வரப்பில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் புதைக்கிற மாதிரி அழுதார். மற்ற இரண்டு துண்டில் என்ன விளைந்தாலும் சரி, விளையாவிட்டாலும் சரி, இத்தனை நெல் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஜப்பான்காரன் கேட்டான், நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கையெழுத்து வைத்தான், ஊர்த் தலைவன் அளந்து எடுத்தான். குறைந்ததை அப்பா சந்தையில் வாங்கிக் கட்டினார்.

பிறகு புயல் வந்தது, வெள்ளம் வந்தது, அதற்குப் பின்னால் அப்படியொரு குளிர். தவிடு தின்றீர்கள். வாழைக்கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றீர்கள். பிறகு அதுவும் இல்லை. துணிமணியைத் தவிட்டுக்கு விற்றுவிட்டதால் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை. கடையிலும் துணி கிடையாது. அப்போது உங்களுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு சாக்கில் தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை வெட்டி உங்களுக்கு மாட்டிவிட்டார். நாரெல்லாம் தோலில் குத்தும், இரவு பகல் அரிக்கும் என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போதே கம்பளிச் சட்டைக்கு மேலால் கையைச் சொறிந்தீர்கள். உங்களுக்கே அது தெரியவில்லை.

தம்பி தாங் முதலில் செத்தான். பிறகு அப்பா. பிறகு பின் என்ற பெயருள்ள சின்னத் தம்பி. பிறகு பால் குடிக்கிற தங்கச்சி சென். கடைசியில் அம்மா. காலையில் மாட்டு வண்டி வரும், வாசலில் கிடத்தியிருந்தால் எடுத்துக்கொண்டு போகும். யார் எங்கே புதைந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அம்மா போய் நாலாம் நாள், ஊர்ச் சனம் கூடிப் போய், பறித்த நெல்லைப் பூட்டி வைத்திருந்த களஞ்சியத்தின் கதவை உடைத்தது. நீங்களும் போனீர்கள். உள்ளே கூரை முட்ட மூட்டைகள். உங்கள் வயல் சணலில் செய்த சாக்கு, உங்கள் வயல் நெல்லில் குத்திய அரிசி. நாலு நாள் முந்தி அந்தக் கதவை உடைத்திருந்தால் அம்மா இருந்திருப்பார் என்றீர்கள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? தெரியும், நீங்கள் அதை மறக்கிற ஆள் இல்லை. "பஞ்சம் எண்டா உப்பிடித்தானே அக்கா. கடவுள் விட்ட வழி" என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. நீங்கள் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி என் சேலையில் தெறித்தது.

"கடவுளா வந்து எங்கட வயலில சணல் நட்டவர்?"

வெட்கத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டு வெள்ளைக்காரனைக் கலங்கடித்த கதையை என் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரனை அடித்தவன் நல்லவன் என்பதோடு எங்கள் சரித்திரப் படிப்பு முடிந்துவிட்டது. அவன் வேறு யாரை அடித்தான் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

இந்த வருடம் உலகப் போர் முடிந்து ஐம்பது ஆண்டு என்று நூலகத்தில் கண்காட்சி வைக்கப் போவதாக அங்கே வேலை செய்கிற ஹெலன் வந்து சொன்னாள் அல்லவா? தங்கமான பிள்ளை, அதை இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒரு பொருள், பக்கத்தில் சின்னக் கார்டில் இரண்டு மூன்று வசனம். உங்கள் சனத்தில் பலர் வரவே மாட்டோம் என்றார்கள். நீங்கள் மட்டும் யோசித்துவிட்டு என் கடைக்கு வந்து, "மனோ, ஒரு சாக்குத் தா" என்றீர்கள். ஏழு வருடமாகத் தொடாத சாக்கைக் கேட்கிறீர்களே என்று திரும்ப ஒருமுறை கேட்டேன்.

அங்கேதான் நான் அந்தப் பெரிய பிழையை விட்டேன். எங்கள் வீடுகளில் வெறும் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்க மாட்டோம். அயல் வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அதுவும் உங்கள் பொருள், சபையில் வைக்கிற பொருள், அதை வெறுமையாகக் கொடுக்க எனக்கு மனம் வருமா? நல்ல சம்பா அரிசியாகப் பார்த்துச் சாக்கு நிறைய நிரப்பி, வாயை அழகாகத் தைத்து, என் கணவரைக் கடை வேனில் ஏற்றி நூலக மண்டபத்துக்கு அனுப்பினேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று பின்னாலேயே நானும் வந்தேன்.

நீங்கள் சாக்கையும் பார்த்தீர்கள், என்னையும் பார்த்தீர்கள்.

"இது ஆரின்ர சாக்கு?"

"உங்கட தான் அக்கா."

"இல்லை. இது களஞ்சியத்துச் சாக்கு. அவங்கட சாக்கு. எங்கட சாக்குக்குள்ள நான் இருந்தன்."

கொட்டிவிடலாம் என்று என் கணவர் குனிந்தார். விடவில்லை நீங்கள். அரிசியை நிலத்தில் கொட்டுவதா? ஹெலனிடம் கோப்பை ஒன்று கேட்டு வாங்கி, முழந்தாளிட்டு, கோப்பை கோப்பையாக அள்ளி வாளிகளில் போட்டீர்கள். நாங்கள் கை கொடுக்க வந்தபோது தட்டிவிட்டீர்கள். ஒரு மணித்தியாலம். ஹெலனும் அவளோடு வேலை செய்கிறவர்களும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சாக்கை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, தையலில் ஒட்டியிருந்த மணிகளையும் பொறுக்கினீர்கள். பிறகு கைப்பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்து, தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என்று வெட்டினீர்கள். வருடக்கணக்காக இந்த ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்த கை, வெட்டுக் கோணாமல் வந்தது. தூக்கிப் பிடித்தீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சட்டை. ஹெலன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள்.

கார்டுக்கு நீங்கள் சொன்ன வசனங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அரிசி இருந்தது. ஜப்பான் ராணுவத்துக்காக அதை எங்களிடமிருந்து பறித்தார்கள். அதனால் நாங்கள் செத்தோம். அவ்வளவுதான். இரண்டு கிழமை கழித்து அவர்கள் டைப் அடித்து அனுப்பிய கார்டில் வேறு ஒன்று இருந்தது: போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டினால் வியட்நாமிலும் பலர் துன்பப்பட்டார்கள்.

நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில். நுரையீரலில் வந்தது முற்றிவிட்டது என்று தெரியும். அந்தக் கார்டை வாசித்துக் காட்டாமல் ஒளித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒளிக்கவில்லை. வாசித்தேன். நீங்கள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள்: "தட்டுப்பாடா? நான் கண்ணால பாத்தனான். கூரை முட்ட இருந்தது. விடாதே, மனோ." நான் "ஓம்" என்றேன். நீங்களும் "ஓம்" என்றீர்கள். நாலு நாளில் போய்விட்டீர்கள்.

ஆவணி மாதம் கண்காட்சி திறந்தது. முதல் நாளே போனேன். உங்கள் சட்டையை நாலாக மடித்து, ஓட்டை ஒன்றும் தெரியாமல் ஒரு பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தத் தட்டுப்பாட்டுக் கார்டு. ஹெலனிடம் போனேன்.

"இது அவ சொன்னது இல்லையே, பிள்ளை."

"எனக்குத் தெரியும், மிஸஸ் மனோ. ஆனால் இது எல்லோரையும் சேர்க்கிற கண்காட்சி. யாரையும் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதோடு புயல், வெள்ளம், ரயில் பாதையில் விழுந்த குண்டுகள் என்று காரணம் பல இருக்கிறது, இல்லையா?"

"இருக்குது. புயல் வந்ததை அவவும் சொன்னவ. ஆனா புயல் வந்து களஞ்சியத்தைப் பூட்டேல்லை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளால் ஏலாது என்று தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்குக் கடையை என் கணவரிடம் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். உங்கள் சாக்குக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று வசனத்தைச் சொன்னேன். நூலகத்துக்கு வருகிறவளை வராதே என்று சொல்ல அவர்களிடம் சட்டம் இல்லை. சிலர் நின்று கேட்டார்கள். சிலர் என்னைப் பார்த்ததும் மறுபக்கத்தால் சுற்றிப் போனார்கள்.

எங்கள் ஆட்களும் வந்தார்கள். கடைக்கு வழமையாக வருகிற மதுரை டாக்டர் ஒருவர் வந்து, கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"இல்லம்மா, நாம இத கொஞ்சம் யோசிச்சுப் பேசணும். நம்ம ஆளுங்க ஜப்பான்காரன் கூடச் சேர்ந்துதான வெள்ளக்காரன எதிர்த்தாங்க. எங்க தாத்தாவே பர்மாவுல அந்தப் படையில இருந்தவரு."

"டாக்டர், உங்கட தாத்தாவில நான் ஒரு குறையும் சொல்லேல்லை. அவர் விடுதலைக்குப் போனவர். ஆனா எங்களுக்குத் துவக்குக் குடுத்தவன் அவவின்ர வீட்டில அரிசியைப் பறிச்சவன். எங்களுக்கு நல்லது செய்தவன் எண்டதுக்காக அவவின்ர அம்மாவின்ர சாவை நான் மறைக்கோணுமோ?"

டாக்டர் போய்விடவில்லை. சாக்கின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து அந்தக் கார்டை வாசித்தார்.

மூன்றாம் கிழமை எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒரு சத்தமும் வரவில்லை. சனிக்கிழமை, நூலகம் நிறைந்த சனம், நான் ஊமை மாதிரி நிற்கிறேன். கடையில் மூட்டைகளில் பெயரும் நிறையும் எழுதுகிற தடித்த கறுப்புப் பேனை என் கோட்டுப் பையில் கிடந்தது, எந்தக் கடைக்காரியின் பையிலும் கிடக்கிற மாதிரி. சாக்கைப் பலகையிலிருந்து கழற்றினேன். மடிப்பை விரித்து, மேசையில் போட்டு, நெஞ்சுப் பக்கத்தில் இங்கிலீசில் எழுதினேன். அரிசி இருந்தது. ஜப்பான் ராணுவத்துக்காக அதை எங்களிடமிருந்து பறித்தார்கள். அதனால் நாங்கள் செத்தோம். அதன் கீழே தமிழிலும் எழுதினேன். பிறகு கழுத்தும் கையும் தெரிய, சட்டையாக, திரும்பக் குத்தி வைத்தேன்.

ஹெலன் ஓடி வந்தாள். பெரியவர் ஒருவரும் பின்னால் வந்தார், யாரென்று தெரியாது. காட்சிப் பொருளைச் சேதப்படுத்திவிட்டேன் என்றார். தொண்டைக்குள்ளிருந்து கிடைத்த சத்தத்தில் சொன்னேன்:

"இது என்ர கடைச் சாக்கு. கடைக்காரர் சாக்கில எழுதுறது வழக்கம். உள்ளுக்குள்ள என்ன இருந்தது எண்டு எழுதினனான்."

எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். பக்கத்தில் இருந்த மனுசி டூட்டிங் வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். உங்கள் சட்டை இருந்த இடத்தில் நாலு குண்டூசியும் அவர்களுடைய கார்டும் மட்டும் கண்காட்சி முடியும்வரை இருந்தன என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாக்கை இப்போது கடையில், அரிசி அடுக்குக்கு மேலே, ஒரு சட்டைக் கொழுவியில் மாட்டியிருக்கிறேன். அதற்கும் வீட்டில் ஒரு சண்டை.

"மனோ, வெறுஞ் சாக்கைக் கடைக்குள்ள தூக்கிக் கட்டினா யாவாரம் படுத்திடும். ஆரும் செய்யிற வேலையே இது?" என்றார் அவர்.

"அது சாக்கில்லை. உடுப்பு," என்றேன். பிறகு அவரே ஏணி வைத்து ஏறி ஆணி அடித்தார்.

போன ஞாயிறு உங்கள் மகன் ஹுங் பர்மிங்காமிலிருந்து வந்தான். உங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றிப் போக வந்தவன், சொல்லிவிட்டுப் போகலாம் என்று கடைக்குள் நுழைந்தான். அண்ணாந்து பார்த்தான். வாசித்தான்.

"ஆன்ட்டி, இது யாருடையது?"

அவனுக்கு ஒன்றும் தெரியாது அக்கா! முப்பத்தைந்து வயது மனிதனுக்கு, தன் தாய் ஏன் வாளியில் அரிசி வாங்கினாள் என்று தெரியாது. ஊரில் எல்லோரும் நோயில் செத்தார்கள் என்று மட்டும் சொன்னீர்களாம். எனக்குச் சொன்னதை அவனுக்கு ஏன் சொல்லவில்லை? பெற்ற பிள்ளைக்கு அரிக்கக் கூடாது என்றா? எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

எல்லாம் சொன்னேன். பெயர்களையும் சொன்னேன்: தாங், பின், சென். சென் என்றதும் அவன் நிமிர்ந்து, "எனக்கு ஒரு சித்தி இருந்தாளா?" என்றான். "இருந்தவ. பால் குடிக்கிற வயசு," என்றேன். அவன் அரிசி மூட்டையிலேயே உட்கார்ந்துவிட்டான். வாடிக்கையாளர் வந்து அரிசி கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எழும்பிப் பேனையைக் கேட்டான். ஏணியில் ஏறி, தமிழுக்குக் கீழே உங்கள் மொழியில் எழுதினான். மூன்று வசனத்துக்கு மேலாகவே எழுதினான். எனக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அக்கா, வாக்குத் தருகிறேன். அதை நான் இறக்க மாட்டேன். வியாபாரம் படுத்தால் படுக்கட்டும். ஒரு நாள் கடையை விற்க வேண்டி வந்தால், வாங்குகிறவர் அந்தச் சட்டையையும் சேர்த்து வாங்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு அதன் கதையையும் சொல்ல வேண்டும். சம்மதிக்காதவருக்குக் கடை இல்லை. அதுவரை, என் முன்னால் நின்று யாராவது வியட்நாமில் அப்போது அரிசித் தட்டுப்பாடு என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அவருக்கு என் கடையில் ஒரு மணி அரிசி கிடையாது.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை பிடித்தே தங்கச்சியானவள்,
மனோன்மணி
அப்பர் டூட்டிங் ரோடு, லண்டன்